இரவல் கோயில்

அவர்கள் வீட்டுக்கு மருமகளாகப் போக வேண்டிய என் மகள், காபி ஆறுவதற்குள் அவர்களுக்கு மகள் முறையாகிவிட்டாள்.

எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் அது நடந்தது. பையனின் அப்பா, அம்மா, பெரியப்பா மூவரும் அவிநாசிபாளையத்திலிருந்து வந்திருந்தார்கள். அங்கே அவர்களுக்குச் சொந்தமாக நிட்டிங் யூனிட் இருக்கிறது. நூலைத் துணியாகப் பின்னும் வட்ட மெஷின்கள் ஓடுகிற நீளமான தகரக் கொட்டகை. என் மகள் திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் பேட்டர்ன் போடுகிறவள். அவர்கள் அனுப்பிய துணி எடை குறைவாக இருக்கிறதென்று ஒருமுறை லோடு முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டாள். நியாயம் கேட்க வண்டியை எடுத்துக்கொண்டு வந்தவன்தான் அந்தப் பையன். அதற்குப் பிறகு துணி சரியாக வந்தபோதும் அவன் வந்துகொண்டிருந்தான்.

இரண்டு பேரும் ஒரே சாதி என்று தெரிந்ததும் இரண்டு வீட்டிலும் நிம்மதியாக மூச்சு விட்டோம். அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. உப்பு சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்துகொள்ள நாள் பார்க்கத்தான் அன்றைக்கு வந்தார்கள். என் மனைவி சந்தகை செய்திருந்தாள். பையனின் அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஏனுங்க, வந்ததும் கேக்கோணும்னு இருந்தனுங்க, பேச்சுல உட்டுப்போச்சு," என்றார் பெரியப்பா. "உங்களுக்குக் கோயில் எதுங்க?"

எங்கள் பக்கத்தில் இது பக்தியைப் பற்றிய கேள்வி அல்ல. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் ஒரே வழியில் பிறந்தவர்கள், பங்காளிகள். பங்காளி வீட்டுப் பெண் தங்கை. அதனால் பெண் பார்க்கும்போது முதலில் கேட்கிற கேள்வி இது. இந்தச் சம்பந்தம் பிள்ளைகளாகப் பார்த்துக்கொண்டது என்பதால் அது கடைசிக்குப் போய்விட்டது. பிள்ளைகள் தங்களுக்குள் இதைப் பேசாமலும் இல்லை. எங்கள் கோயில் குண்டடம் பக்கம் என்று அவன் சொல்லியிருக்கிறான். எங்களுக்கும் அந்தப் பக்கம்தான் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அடடே என்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது நல்ல சகுனமாகப் பட்டிருக்கிறது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து கோயிலைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எங்க அப்பா காலத்துல இருந்து தலைக்கட்டு வரி ஒரு வருசம் உட்டதில்லீங்க," என்றும் சேர்த்துக்கொண்டேன். கோயிலுக்குப் பாத்தியப்பட்ட ஒவ்வொரு குடும்பமும் திருவிழாவுக்காகக் கட்டும் பங்குதான் தலைக்கட்டு வரி. அதைக் கட்டுகிறவர் அந்தக் கோயில்காரர். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

பையனின் அம்மாதான் முதலில் சிரித்தார். "அட, நம்ம கோயிலுங்களா!" என்று கையைத் தட்டினார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

பெரியப்பா தம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப பங்காளியாப் போச்சுங்களே," என்றார் மெதுவாக.

அவர்கள் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஏதாவது பேச வந்திருக்கும். ஆனால் அவர்கள் அன்பாகிவிட்டார்கள். அதுவரை என்னைச் சம்பந்தி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பையனின் அப்பா எழுந்து வந்து என் தோளில் கை வைத்து, "வயசுல நாந்தான் பெரியவன். இனி அண்ணன்னே கூப்புடுங்க," என்றார். நோம்பித் திருவிழாவுக்குக் கோயிலில் இவ்வளவு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்றும் முகம் தெரியாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டார். அத்தனை நூறு குடும்பம் கூடுகிற இடத்தில் எப்படித் தெரியும்? பையனின் அம்மா, சீர்த்தட்டுக்கென்று கொண்டுவந்த மல்லிகையை என் மகள் தலையில் வைத்துவிட்டு, "எம் மகதான் கண்ணு நீயி. ஒண்ணும் நெனச்சுக்காத," என்றார். பையன் அன்று வரவில்லை. வழக்கப்படி பெரியவர்கள் பேசி முடித்த பிறகுதான் வருவதாக இருந்தது.

கார் போன பிறகு என் மகள் பூவை எடுத்து ஃப்ரிட்ஜின் மேல் வைத்தாள். "அவங்க ஒரு கேள்வி கேட்டாங்க, நீங்க ஒரு பதில் சொன்னீங்க. அவ்வளவுதானாப்பா?" என்று கேட்டாள். அழுது கேட்டிருந்தால் தேறுதல் சொல்லியிருப்பேன். அவள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அந்த வாரம் முழுக்க நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் அறைக் கதவு சாத்தியிருந்தால் பயம், திறந்திருந்தால் அதைவிடப் பயம். பெற்றவனுக்கு இருபத்தைந்து வயதுப் பெண்ணைப் பற்றி வரக்கூடிய எல்லாக் கெட்ட நினைப்பும் வந்தது. என் மனைவிதான் ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே அதைக் கேட்டாள்.

"உங்கப்பா சிலோன்ல பொறந்தவருதானுங்க?"

"ஆமா."

"அவங்கப்பனும் அங்கதான பொறந்தாரு?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"அப்ப குண்டடத்துக் கோயில் அவருக்கு எப்புடித் தெரியும்? அங்கிருந்தே வரி கட்டீட்டு இருந்தாராக்கும்?"

எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை அவளும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. இத்தனைக்கும் இதுதான் என் வேலை. நான் இருக்கும் கம்பெனியில் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்குத் துணியின் வழியைக் காட்டுகிற பொறுப்பு என்னுடையது. இந்த டி-ஷர்ட் எங்கே தைத்தது, துணி எங்கே சாயம் ஏறியது, நூல் எந்த மில், பருத்தி எந்தக் காடு என்று ஒவ்வொரு கண்ணியாகப் பின்னால் போய்க் காட்ட வேண்டும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் சரக்கு நின்றுவிடும். என் குடும்பத்தில் எனக்குத் தெரிந்த கண்ணிகள் இவ்வளவுதான்: கொள்ளுத்தாத்தா தாராபுரம் பக்கத்திலிருந்து பஞ்சத்தில் கிளம்பியவர். வெள்ளைக்காரன் காலத்தில் ஆள் சேர்த்துப் போன கங்காணி பின்னால் நடந்து, கப்பலேறி, கண்டி மலையில் ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். தாத்தா அங்கேயே பிறந்து அங்கேயே இறந்தார். என் அப்பா இளவட்டமாக இருந்தபோது இந்தியா, இலங்கை அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பிரித்து அனுப்பியதில், தாயையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு திரும்பினார். மண்டபம் முகாம், பிறகு கோத்தகிரிப் பக்கம், பிறகு அவர் மட்டும் திருப்பூருக்கு இறங்கி பனியன் கம்பெனி வேலை. அதன் பிறகு நான்.

அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. கேட்பதற்கு அவர் தங்கை, என் அத்தை மட்டும்தான் மிச்சம். அவர் கோத்தகிரிக்கு மேலே ஒரு சின்ன ஊரில் மகன் வீட்டில் இருந்தார்.

நான் கிளம்பியபோது, "நானும் வர்றேன்ப்பா," என்றாள் மகள்.

"நீ எதுக்குக் கண்ணு? கேட்டுட்டு ஒடனே வந்துர்றேன்," என்றேன். அவள் வந்து ஏதாவது கேட்டு மனம் உடைந்துவிடுவாளோ என்று பயம். செருப்பை மாட்டியவள் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

அத்தை வாசலில் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தார். ஸ்வெட்டருக்கு மேல் ஒரு துண்டு. "வாங்க மருமகனே, வழி தெரிஞ்சுதா? இல்ல, கல்யாணப் பத்திரிகையா?" என்று கேலியாகத்தான் வரவேற்றார். நான் உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னேன். கோயில் நம்முடையதுதானா என்று கேட்டேன்.

"கோயிலா!" என்று சிரித்தார். "திருப்பூர் போன மறுவருசம் உங்கப்பன் இங்க வந்தான். நெத்தி முழுக்க திருநீறு. 'தங்கச்சி, நமக்குக் கோயில் கெடைச்சிருச்சு'ன்னான். காணாமப்போன ஆடு கெடைச்சாப்பல."

"எப்படிக் கெடைச்சுதாம்?"

"பொண்ணு கேட்டு அலைஞ்சானே. போன எடத்துல எல்லாம் கோயில் எது, கோயில் எதுன்னு கேட்டிருக்காக. சிலோன்லருந்து வந்தோம்னு சொன்னா தண்ணி குடுத்து அனுப்பிருக்காக. கம்பெனில இவனுக்கு ஒரு சேக்காளி. அவன் சொன்னானாம், 'எங்க கோயில்ல வந்து நில்லு, வரியக் கட்டு, எவன் கேக்கப்போறான்'னு. இவனும் போய் நின்னுட்டான். நின்னதும் பொண்ணு கெடைச்சிருச்சு. உங்கம்மா. நல்ல பொண்ணு, பாவம்."

எனக்கு அந்த நொடியில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்பா கோயிலில் எப்போதும் கூட்டத்துக்குக் கடைசியில் நிற்பார். முன்னால் வாங்க என்று கூப்பிட்டால் செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்பார். நான் அதை அடக்கம் என்று நினைத்திருந்தேன்.

"அப்ப நம்ம கோயில் எதுங்கத்தை?"

"அது யாருக்குத் தெரியும்? எங்க பாட்டன் ஊரை விட்டுப் போகயில கோயில்ல ஒரு பிடி மண்ணு எடுத்து முடிஞ்சுக்கிட்டுப் போனாராம். எந்தக் கோயில்னு அவரு சொன்னாரோ என்னமோ, எங்கப்பனுக்கே நெனப்பில்ல. அந்த மண்ணக் கொண்டுபோய் ரோதை முனி காலடியில போட்டிருக்காரு. அதுலருந்து அவருதான் நமக்குச் சாமி."

"ரோதை முனியா?"

"ஆமா. தேயிலை அரைக்கிற ஸ்டோர்ல பெரிய சக்கரம் சுத்தும்ல, அதுக்குப் பேரு ரோதை. அது ஆள இழுத்துறக் கூடாதுன்னு பக்கத்துல கல்லு நட்டு வச்சிருப்பாக. அவருக்குச் சேவல் அறுக்காம சீசன் தொடங்க மாட்டாக. தொரை கூட தொப்பிய எடுத்துட்டுத்தான் அந்தப் பக்கம் போவான். நான் சின்னப்புள்ளைல பார்த்திருக்கேன், எங்க லயத்து வரிசை வீட்டுக்குக் கீழ ஓடை, ஓடைக்கு அந்தாண்ட பாலம்…"

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அது எங்கள் கோயில் இல்லை. என் மகள் யாருக்கும் தங்கை இல்லை. அத்தை பாலத்தைத் தாண்டி, லயத்தில் பக்கத்து வீட்டுக்காரி, தலையில் துண்டு கட்டிக்கொண்டு கொழுந்து பறித்த அவருடைய அம்மா, கப்பலில் வாந்தி எடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தார். நான் உம் கொட்டிக்கொண்டே, இருட்டுவதற்குள் கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிவிட வேண்டுமே என்று மணியைப் பார்த்தேன். நடுவில் அவர் சொன்ன ஒன்று மட்டும் காதில் தங்கியது. திரும்பி வரும்போது முனியிடமிருந்து ஒரு பிடி மண் எடுத்து வரவில்லையாம். கப்பலில் மண் விடமாட்டார்கள் என்று யாரோ சொன்னார்களாம். "எவனும் சோதிக்கவே இல்ல," என்றார். "எடுத்துருக்கலாம்."

நான் எழுந்தேன். அத்தை நிமிர்ந்து பார்த்தார். "உங்கப்பனும் இப்படித்தான். கேட்டதுக்குப் பதில் வந்துட்டா எந்திரிச்சிருவான்."

மலை இறங்கும்போது பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தேன். என் அப்பா சொன்னது பொய் என்று உறுதியானதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வீட்டில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொய்யான கோயிலைப் பற்றிச் சொன்னபோது அவள் முகம் மாறவில்லை. ரோதை முனியைச் சொன்னபோதுதான் மலர்ந்தாள். "மெஷின் சாமியா?" என்றாள். "திருப்பூருக்கு ஏத்த சாமி! நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இதவிடப் பொருத்தமா எங்கப்பா கெடைக்கும்?" அன்றைக்குத்தான் பல நாள் கழித்து அவள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். சுவிட்ச் பக்கத்தில் ஒரு கல்லை வைத்து மிக்ஸிக்கும் கும்பிடு போடலாமா என்று அவளும் அம்மாவும் சிரித்துக்கொண்டார்கள்.

மறுநாள் அவிநாசிபாளையம் போனேன். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். என்ன பேசப்போகிறேன் என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

பையனின் அப்பா மெஷின் கொட்டகையை ஒட்டிய கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தார். வெளியே மெஷின்காரப் பையன்கள் இந்தியில் ஒருவரை ஒருவர் கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு என் அப்பாவின் கதையைச் சொன்னேன். பெண் கிடைக்காமல் அலைந்தது, சேக்காளி கூட்டிப்போனது, வரி கட்டியது. சொல்லச் சொல்ல, செத்துப்போன மனிதரை அடுத்தவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து காட்டிக்கொடுக்கிறேன் என்று பட்டது. ரோதை முனியை மட்டும் சொல்லவில்லை. கல் சாமி, சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் சாமி. சொல்ல வெட்கமாக இருந்தது.

அவர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார். எழுந்து போகச் சொல்வார் என்று நான் தயாராக இருந்தேன்.

"அப்ப நீங்க எங்களுக்குப் பங்காளி இல்லீங்க," என்றார்.

"இல்லீங்க."

"ஆனா கோயிலும் இல்லீங்க."

"இல்லீங்க."

"ஆளு நம்ம ஆளுங்கதான?"

"அத்தை அப்புடித்தானுங்க சொல்றாங்க. தோட்டத்துல அதெல்லாம் எல்லாருக்கும் தெரியுமாமுங்க."

"செரி. கேளுங்க," என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. பையன் வீட்டில் சாப்பிடாமல் கிடந்தது அவரையும் உலுக்கியிருக்கிறது. "கோயில் இல்லாத எடத்துல பொண்ணெடுத்தா எங்கண்ணன் மண்டபத்துக்கே வரமாட்டாருங்க. சனம் நாக்கப் புடுங்கற மாதிரிக் கேக்கும். அதுக்கு ஒரு வழி இருக்குதுங்க. எங்க ஊட்டுக்காரி பொறந்த ஊரு தாராபுரத்துக்கு அக்கட்ட. அங்க அவங்க கோயில்ல ஒரு வழி மக்களே அத்துப்போயிட்டாங்க. இப்ப ஆளு சேருதுன்னா அவங்களுக்குச் சந்தோசந்தானுங்க. எம் மச்சாங்கிட்ட நாஞ் சொல்றேன். இந்த வருசம் அங்க வரியக் கட்டீருங்க. அவங்க பங்காளி ஆயிட்டீங்கன்னா, எம் பையனுக்கு உங்க பொண்ணு மாமன் மக முறை. இதவிட நல்ல முறை ஏதுங்க?"

"உங்கண்ணன் ஒத்துக்குவாருங்களா?"

"அவருகிட்ட, உங்கப்பா கோயிலத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாருன்னு சொல்லிக்கலாமுங்க. சிலோன்ல இருந்து வந்தவரு, பாவம். அவ்வளவுதான? சம்பந்தி, உங்கப்பா செஞ்சதுதானுங்க. புதுசா நாம ஒண்ணும் செய்யல."

அவர் மறுபடியும் சம்பந்தி என்று கூப்பிட்டார். அந்த ஒரு சொல்லுக்காக நான் எதையும் ஒத்துக்கொண்டிருப்பேன். ஒத்துக்கொண்டேன். எழுந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணும் கலங்கியது. டீ வந்தது. சர்க்கரை தூக்கலாக இருந்தது. அதைக்கூட நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

வரும் வழியில் மைசூர்பாகு வாங்கினேன். மகள் ஆபீசிலிருந்து வந்து முகம் கழுவுவதற்குள் பெட்டியைப் பிரித்து நீட்டினேன். அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். முடிந்ததும், "அப்ப நம்ம முனி?" என்றாள்.

"முனிய யாரு வேண்டாம்னா? மனசுல வச்சுக்கலாம்."

"நீங்க அவங்ககிட்ட முனியச் சொன்னீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

நான் என்னென்னவோ சொன்னேன். சந்தர்ப்பம் வரவில்லை, அவர் வேலையாக இருந்தார், இப்போதைக்கு எதற்கு என்றெல்லாம். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "தாத்தா பொய் சொன்னாருன்னா அவருக்கு வேற வழியில்ல. கதவச் சாத்துனாங்க. எனக்கு எந்தக் கதவச் சாத்துனாங்கன்னு நான் இன்னொரு கோயில்லருந்து வந்தவளா ஆகோணும்? நாளைக்கு எம் புள்ளைக்கு மொட்டையடிக்கறப்ப, அம்மா வழியில எதுன்னு கேட்டா எதையடா சொல்றதுன்னு நான் யோசிக்கணுமா?"

"கண்ணு, ஒரு வார்த்தைதான. வரி கட்டறதுதான," என்று என் மனைவி கெஞ்சினாள். எதுவானாலும் சரி, இந்த வீட்டில் ஒரு கல்யாணம் நடந்துவிட வேண்டும் என்ற நிலைக்கு அவள் வந்திருந்தாள். நானும்தான்.

"அவங்கிட்டப் பேசறேன்," என்று மகள் மாடிக்குப் போனாள்.

அவனோடு என்ன பேசினாள் என்பது பல வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. இந்த விஷயத்தில் நாம் உண்மையைச் சொல்லிவிடலாம், நீ என்னோடு நின்றால் போதும் என்றிருக்கிறாள். அவன் மறுக்கவில்லை. ரிஜிஸ்டர் கல்யாணம் என்றால்கூடச் சரி என்றானாம். அந்தத் தைரியத்தில்தான் ரோதை முனியைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். தேயிலை மெஷின், சேவல், பிடிமண் எல்லாம். அவன் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறான். வன்மமில்லாத சிரிப்பு என்று அவளே சொன்னாள். "அய்யோ, இத மட்டும் எங்கூட்ல சொல்லீறாத. நோம்பிக்கு நோம்பி ஓட்டியே கொன்னுருவாங்க. எங்கம்மா கோயிலயே சொல்லிக்கலாம் உடு. அதுல என்ன இருக்கு?"

அதுல என்ன இருக்கு. அதைத்தான் நானும் அந்தக் கண்ணாடி அறையில் சொல்லாமல் சொன்னேன். அவன் சிரித்ததை அவள் மன்னித்திருக்கக் கூடும். அன்றைக்கு அப்பன் ஒருவனாவது அவள் பக்கம் நின்றிருந்தால், அவனிடம் இன்னும் கொஞ்சம் வாதாடியிருப்பாள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. நானே முதலில் கை கொடுத்துவிட்டு வந்த பிறகு அவள் யாரை வைத்து வாதாடுவது?

வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான்தான் அவிநாசிபாளையத்துக்குப் போன் போட்டேன். பையனின் அப்பா, "செரிங்க தம்பி," என்றார்.

அதற்கப்புறம் அவள் எங்களோடு சண்டை போடவில்லை. அப்படிப் போடாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் பையருக்குக் கொழும்பில் ஓர் அலுவலகம் இருக்கிறது. அங்கே பேட்டர்ன் தெரிந்த ஆள் கேட்கிறார்கள் என்று என் மூலமாகத்தான் அவளுக்குத் தெரிய வந்தது. பேச்சு வாக்கில் சொன்னேன். அவள் அன்றைக்கே விண்ணப்பம் போட்டுவிட்டாள். கொள்ளுத்தாத்தா பஞ்சத்தில் நடந்த தூரத்தை அவள் கோயம்புத்தூரில் ஏறி, சென்னையில் மாறி, ஒரு பகலில் கடந்தாள். விமான நிலையத்தில் என் மனைவி அழுதாள். நான் அவள் பையின் ஜிப்பைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போய் ஒரு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். "லாங் லீவு வருதுப்பா. மலைப்பக்கம் போலாம்னு இருக்கேன். நம்ம தோட்டம் பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை.

"அத்தைப்பாட்டி சொல்லலயா?"

நான் கேட்கவில்லை. அத்தை நம்ம தோட்டம், நம்ம தோட்டம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கோயிலை மட்டும் கேட்டுக்கொண்டு, அதற்குப் பதில் வந்ததும் எழுந்துவிட்டேன். இப்போது போய்க் கேட்கவும் வழியில்லை. ஐப்பசி மழையில் மார்ச்சளி கட்டி அத்தை இறந்துபோனார். மகள் கொழும்புக்குப் போவதற்கு முந்தைய மாதம் அது. காரியத்துக்குப் போயிருந்தபோதுகூட அவர் மகனிடம் கேட்கத் தோன்றவில்லை. பிறகு போன் போட்டுக் கேட்டேன். "அம்மா ஏதேதோ சொல்லும் மச்சான். நாங்க எங்க காதுல வாங்குனோம்?" என்றான்.

தெரிந்ததை மகளுக்குச் சொன்னேன். லயத்துக்குக் கீழே ஓடை. ஓடைக்கு அந்தாண்ட பாலம். சக்கரம் இருந்த ஸ்டோர். அவள் சிரித்தாள். "அப்பா, இங்க எல்லாத் தோட்டத்துலயும் ஓடை இருக்கு, பாலம் இருக்கு. நீங்க ஆபீஸ்ல இப்படி ஒரு டீடெயில் குடுத்தா பையர் ஒத்துக்குவானா?"

அந்த வாரம் குண்டடத்துக் கோயிலிலிருந்து வரி கேட்டு ஆள் வந்தார். வழக்கமாக வருகிறவர், என் அப்பாவைத் தெரிந்தவர். "பங்காளி, இந்த வருசம் கோபுரத்துக்கு வர்ணம் பூசறோம், பாத்துச் செய்யுங்க," என்றார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். சொன்னால் என் அப்பா நின்ற அந்தக் கடைசி இடமும் இல்லாமல் போய்விடும் என்று தோன்றியது. கட்டிவிட்டேன். மகளிடம் அதைச் சொல்லவில்லை.

லீவில் அவள் ரயிலேறி மலைக்குப் போனாள். போன இடத்தில் எல்லாம் கேட்டிருக்கிறாள். நேற்று ஒரு படம் அனுப்பினாள். பழைய தேயிலை ஸ்டோர் ஒன்று, கூரை பாதி இல்லை. சுவரோரம் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். எண்ணெய் பூசி, பொட்டு வைத்து, புதிதாகச் சிவப்புத் துணி சுற்றியிருக்கிறார்கள். கல்லின் அடியில் மண். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு எடுத்திருக்கிறாள் போலிருக்கிறது, படத்தின் ஓரத்தில் அவள் கால் விரல்கள் தெரிந்தன.

கீழே கேட்டிருந்தாள்: "இதாப்பா? இவருன்னா ஒரு பிடி எடுத்துட்டு வர்றேன். இப்ப பிளேன்ல விடுவாங்க."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓடை தெரிகிறதா, பாலம் தெரிகிறதா என்று ஓரங்களையெல்லாம் தேடினேன். என் மனைவியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை அனுப்பினால் அவள் எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். அவளுக்கும் ஒரு கோயில் கிடைத்துவிடும். அந்த வார்த்தையை அடித்தேன், அழித்தேன்.

"தெரியல கண்ணு," என்று அனுப்பினேன்.

இரண்டு நீல டிக் விழுந்தது. அவள் இன்னும் பதில் போடவில்லை.